உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சாம்பார்

தசரதன் தன் சமையலைத் தானே ருசி பார்த்தது கிடையாது. முப்பத்தோரு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவன், தினமும் நானூறு பேருக்குச் சோறு போடுகிறவன், நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமலா சாம்பாரை இறக்குவான் என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படித்தான் இறக்குவான். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்த அன்னதான மடத்தில் அதுதான் சட்டம். முதல் கரண்டி மடத்துச் சாமிக்கு. சாமிக்குப் படைக்கும் முன் சமையல்காரன் நாக்கில் பட்டால் அது எச்சில். வாசனைகூடப் பிடிக்கக் கூடாதாம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த அன்றே மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டவன், பதினோரு மணிக்கு மணி அடித்துப் படையல் முடிந்த பிறகுதான் அவிழ்ப்பான்.

அப்புறம் உப்பை எப்படிப் போடுவது? கையால்தான். இத்தனை படிப் பருப்புக்கு இத்தனை கை என்று ஒரு கணக்கு. "நாக்கு பொய் சொல்லும், கை சொல்லாது" என்பான். இதை அவன் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பான். ஆயிரம் பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஆட்டாத தலை ஒன்றே ஒன்று. அது அவன் பெண்டாட்டி சந்திரகலாவின் தலை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி சந்திரகலா மடத்துப் பந்தியில் வந்து உட்காருவாள். சமையல்காரர் சம்சாரம் என்று யாராவது உள்ளே கூப்பிட்டால் போக மாட்டாள். வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவி, ஈரக் கையோடு சமையல்கட்டுப் பின்வாசலுக்கு வந்து தீர்ப்புச் சொல்வாள்.

"பொரியல் பரவால்ல. சாம்பார்ல உப்பு கம்மி."

"அறநூறு பேரு சாப்ட்டு எழுந்து போனான். ஒருத்தன் சொல்லல. நீ வந்துட்ட."

"ஓசில சாப்புடறவன் எப்படிய்யா சொல்லுவான்?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவான். அடுத்த நாளும் அதே கணக்கு, அதே கை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் இந்த வழக்கு இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு அடுப்பு முழுக்க அவளுடையது. வீட்டில் அவன் ஒரு டீ போட்டது கிடையாது. அவள் கையால் காரக்குழம்பு வைத்தால் தெருமுனைவரை ஆள் நின்று மூக்கை உறிஞ்சுவான்.

போன வருஷம் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. நாலு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் கவியாதான் கண்டுபிடித்து, திட்டி, வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆபரேஷன் முடிந்தது. இனி ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை என்றார்கள். அன்றைக்கு மடத்துச் சாமி முன்னால் நின்று தசரதன் கேட்டது ஒன்றுதான். "வேற எதுவும் நான் உனக்குச் செஞ்சதில்ல. ஒரு வாய் எச்சில் பண்ணாம சமைச்சுப் போட்டிருக்கேன். அதுக்காவது இவளக் காப்பாத்திக் குடு." மொட்டை, காவடி என்று எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. தன்னிடம் இருந்த ஒரே புண்ணியத்தை எடுத்து வைத்துவிட்டான்.

கீமோ வார்டில் அன்புச்செல்வி என்று ஒரு நர்ஸ். கண்டிப்பான பெண். முதல் நாளே அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஐயா, அம்மா இப்ப நாப்பத்தாறு கிலோ இருக்காங்க. நாப்பதுக்குக் கீழ போனா டாக்டர் மருந்து ஏத்த மாட்டாங்க. உடம்பு தாங்காது. எறங்காமப் பாத்துக்கறது உங்க பொறுப்பு."

"நானூறு பேருக்குச் சோறு போடறவன்மா நானு. ஒருத்திக்குப் போட மாட்டனா?" என்றான் தசரதன்.

பேச்சுக்கு என்ன, வரியா கட்ட வேண்டும்!

முதல் மருந்து ஏறிய நாலாம் நாள். மடத்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே படுத்திருந்த சந்திரகலா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு குடம் குடமாக வாந்தி எடுத்தாள். அவன் தாங்கிப் பிடிக்க ஓடினான். அவள் ஒரு கையால் தள்ளினாள்.

"யோவ், வெளியவே நில்லுய்யா. உன் மேல தாளிப்பு வாசன."

முப்பத்தோரு வருஷக் கடுகும் பெருங்காயமும் எண்ணெய்ப்புகையும் சும்மாவா போகும்? அவன் வாசலிலேயே நின்றான். அன்றிலிருந்து மடத்துக் குழாயடியிலேயே குளித்து, பையில் கொண்டுபோன வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். அப்படியும் அவள் மூக்கைப் பொத்தினாள். மீசையில் தங்குகிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. இருபது வயதிலிருந்து வைத்திருந்த மீசையை மறுநாளே எடுத்துவிட்டு வந்து நின்றான். சந்திரகலா பார்த்தாள். அவளுக்கும் அப்போது முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

"நல்ல ஜோடிதான், போ" என்றாள்.

மொட்டைத் தலையைப் பற்றி அவள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. நம் ஊரில் மொட்டையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எந்தக் கோயிலில் என்று கேட்டவர்களுக்கு, "வேலூர்ல" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். சாப்பாடுதான் அவளைப் படுத்தியது.

தாளிப்பே இல்லாமல் தானே சமைப்பது என்று தசரதன் முடிவு செய்தான். கவியா வந்து செய்திருப்பாள்தான். அவள் குழந்தைக்கு ஓயாமல் சளி. சளிக் குழந்தை அம்மாவின் பக்கத்தில் வரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாவம், அவள் போனில்தான் அழுதாள். ஆக, கல்யாணமான நாளிலிருந்து விருந்தாளியாகவே இருந்த சமையல்கட்டுக்குள் தசரதன் நுழைந்தான். முதல் நாள் கஞ்சி வைத்தான். அவனுக்குத் தெரிந்த மிகச் சின்ன அளவில்தான் வைத்தான். அது பதினாறு பேர் குடிக்கிற கஞ்சி. அடுத்த வீட்டு வள்ளி மூன்று தூக்கு வாங்கிப்போய்த் தெருவுக்கே ஊற்றினாள். உப்பு போடும்போது இன்னும் வேடிக்கை. கைநிறைய அள்ளிப் பழகியவனுக்கு இரண்டு விரலால் கிள்ள வரவில்லை. உப்பு ஜாடிக்கு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

எப்படியோ ஒரு டம்ளர் கஞ்சி தயாராகும். அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தையே பார்ப்பான்.

"எப்படி இருக்குது?"

"நல்லாருக்குது."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உப்பு கம்மி என்று சொல்லாமல் விட்டாள்! மறுநாள் பருப்புச் சாதம். அதுவும் நல்லாருக்குது. ரசம், அதுவும். அடப்பாவி மனுஷா, அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா நீ? மாமியார் வைத்த குழம்பையே குறை சொன்னவள் ஆயிற்றே அவள்! அவன் சந்தேகப்படவில்லை. சந்தோஷப்பட்டான். அவள் இரண்டு வாய் விழுங்கிவிட்டு, "போதும், அப்பறமா சாப்புடறேன்" என்று மூடி வைப்பாள். அந்த அப்புறம் வராது. இரண்டாவது மருந்துக்குப் போனபோது நாற்பத்து நாலு கிலோ. மூன்றாவதுக்கு நாற்பத்து இரண்டு. சமையல் நன்றாக இருக்கிறது, எடை ஏன் இறங்குகிறது என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

மூன்றாவது மருந்து ஏறிய ஒன்பதாம் நாள் பௌர்ணமி. அன்றைக்கு மடத்தைவிட்டு அசைய முடியாது. காலை எட்டு மணிக்குக் கலந்த தயிர்ச்சாதத்தில், படையல் முடிந்ததும் ஒரு தூக்கு எடுத்து வைத்தான். அவன் வீட்டுக்கு வர மாலை ஐந்தரை ஆகிவிட்டது. சந்திரகலா தூக்கைத் திறந்து பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. வாசனை எதுவும் அடிக்கவில்லை. லேசாகப் புளித்திருந்தது. இரண்டு கரண்டி போட்டு முழுதாகச் சாப்பிட்டாள். விரலைக்கூட நக்கினாள். தசரதன் சமையல்கட்டுக்குள் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாமி பிரசாதம் ஆயிற்றே, சும்மாவா என்று மலை இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். வயிறு நிற்காமல் போனது. கார் பிடித்து வேலூர் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரத்தத்தில் வெள்ளணு தரைமட்டம் என்றார்கள். அன்புச்செல்வி அவனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டாள்.

"இன்னா சாப்ட்டாங்க?"

"வீட்டுச் சாப்பாடுதாம்மா. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் தயிர்ச்சாதம்."

"எப்ப செஞ்சது?"

"காலைல எட்டு மணிக்கு. சாய்ந்திரம் சாப்ட்டா."

"சித்திரை வெயில்ல ஒம்போது மணி நேரம் தூக்குலயா? சூடா, அப்ப செஞ்சத மட்டும்தான் குடுக்கணும்னு எத்தினி தடவ சொன்னேன்?"

"அது சாமி பிரசாதம்மா. சாமிக்குப் படைச்சது. அதுல எப்படி..."

"சாமிக்கு வெள்ளணு கொறையாதுங்கய்யா. இவங்களுக்குக் கொறையும்" என்றாள் அன்புச்செல்வி.

அந்தத் தயிர்ச்சாதத்தை முதல் பந்தியில் நூற்றுக்கணக்கான பேர் சாப்பிட்டுவிட்டு மலையைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. தன் கையால் ஆக்கியது, எச்சில் படாதது, தன் பெண்டாட்டியைத்தான் கீழே தள்ளியிருக்கிறது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டான்.

ஐந்து நாள் வார்டில் இருந்தாள். நாலாம் நாள், காய்ச்சல் விட்ட பிறகு, தசரதன் வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, திரைக்கு அந்தப் பக்கம் அன்புச்செல்வி பேசிக்கொண்டிருந்தாள்.

"வாய்ல ருசி தெரியுதாம்மா?"

"ரெண்டு மாசமா ஒண்ணும் தெரியலம்மா. எது வாய்ல வெச்சாலும் துருப்புடிச்ச ஆணிய சப்பற மாதிரிக்கீது. கரண்டி பட்டாலே கொமட்டுது."

"வீட்டுல சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? ஆசையா செஞ்சு எடுத்தாந்து எதிர்ல குந்திக்கினு மூஞ்சியே பாக்கறாரு. நல்லாருக்குதுன்னு சொல்லிடுவேன்."

வெந்நீர்ப் பாத்திரம் கையைச் சுட்டது. தசரதன் அதைக் கீழே வைத்தான். நர்ஸ் போகும்வரை காத்திருந்து உள்ளே போனான்.

"ஏன் சந்திரா பொய் சொன்ன?" கோபமாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "உப்பு கம்மின்னு இருபத்தெட்டு வருஷம் மூஞ்சிக்கு நேரா சொன்னவ. இப்ப சொல்றதுக்கு இன்னா?"

"அப்ப உன் சாம்பாரச் சொன்னேன். இப்ப தப்பு என் நாக்குல. உன்ன எப்படிக் கொற சொல்றது?" என்றாள் சந்திரகலா. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாலாவது மருந்து ஏற்ற வேண்டிய நாளில் நிறுத்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம். டாக்டரம்மா ஏட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னைக்கு ஏத்த முடியாது. பதினெட்டு நாள் டைம் தரேன். அதுக்குள்ள நாப்பது தாண்டி வாங்க. அதுக்கு மேலயும் தள்ளிக்கிட்டே போனா, இதுவரைக்கும் போட்ட மூணுக்கும் பலன் இல்லாமப் போயிடும்." கைபேசியில் தேதியைப் பார்த்தான் தசரதன். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் சந்திரகலாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"எண்ணூறு கிராம். ஒரு கிலோ கத்திரிக்காகூட இல்ல."

"நான் செய்யறேன். ஆனா நீ உள்ளது உள்ளபடி சொல்லணும்" என்றான் அவன்.

"என் நாக்குதான் செத்துப்போச்சே. நான் இன்னா சொல்றது? நீ ருசி பாரு."

"நானா?"

"பின்ன? எதிர் வீட்டுக்காரனா?"

வீட்டுச் சமையல்தான், படையல் இல்லை, எச்சில் தோஷம் ஒன்றும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அடுப்பில் கொதிப்பதை நாக்கில் வைப்பது என்றால் அம்மணமாகத் தெருவில் நடப்பது போல இருந்தது அவனுக்கு. மறுநாள் காலை அரை டம்ளர் அரிசிக் கஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டான். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை, அவன் தம்பி நிலத்தில் விளைந்தது. கரண்டியிலிருந்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நக்கினான்.

"எப்படிக்கீது?" என்றாள் சந்திரகலா. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தோரு வருஷம் அவன் கட்டிய அதே மாதிரித் துண்டு.

"இருக்குது."

"இருக்குதுன்னா? உப்பு இருக்குதா?"

"இருக்குதுன்னு நெனைக்கறேன்."

"ஐயோ கடவுளே! நாக்கு நுனில நிக்குதா, இல்ல கடேசில தொண்டைக்கிட்ட தெரியுதா?"

அவன் இன்னொரு சொட்டு விட்டு யோசித்தான். "கடேசிலதான் லேசா."

"அப்ப கம்மி. ரெண்டு கல்லு போடு. கையள்ளாத! ரெண்டு கல்லு."

இப்படித்தான் நடந்தது தினமும். ருசி தெரியாதவள் கேள்வி கேட்டாள், ருசி பார்க்காதவன் நாக்கை வைத்துப் பதில் சொன்னான். புளிப்பு பல்லைக் கூசுகிறதா, நாக்கின் ஓரத்தை இழுக்கிறதா? பச்சை வாசனை போய்விட்டதா? வெந்தது வேறு, குழைந்தது வேறு, எது இது? நாலு நாளில் அவன் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். எட்டு நாளில் தேறினான். அவள் வாய்க்கு எது ஏறும் என்பதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எவர்சில்வர் கரண்டி ஆகாது, மரக்கரண்டி ஆகும். சூடு அதிகம் ஆகாது, வெதுவெதுப்பு ஆகும். நார்த்தங்காயை வேகவைத்து அந்தச் சாற்றில் நாலு சொட்டுக் கஞ்சியில் விட்டால் ஆணி நாற்றம் கொஞ்சம் அடங்குகிறது. வாய்ப்புண் எரியும் நாளில் அதுவும் ஆகாது. மூன்று வேளைச் சாப்பாட்டை எட்டு வேளையாக்கினார்கள், வேளைக்கு அரை டம்ளர். ஒவ்வொரு தடவையும் புதிதாக வைப்பான். மடத்துக்குப் போகும் நேரத்துக்கு வள்ளியிடம் வேண்டியதை அளந்து வைத்துவிட்டுப் போவான், அவள் அப்போதே காய்ச்சிக் கொடுப்பாள். முட்டையை மட்டும் எப்போதும் வள்ளியே அவித்துக் கொடுத்தாள். மடத்து அடுப்பைத் தொடுகிற கையால் அதைத் தொட அவன் துணியவில்லை.

இப்போது அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "கண்றாவி", "கொமட்டுது, எடுத்துனு போ", "இது எறங்குது, இன்னும் ரெண்டு வாய் குடு." ஒவ்வொரு திட்டும் அவனுக்குத் தெம்பாக இருந்தது. ஒரு நாள் டம்ளரைத் தட்டிவிட்டு அழுதாள், செத்துப்போகிறேன் விட்டுவிடு என்றாள். அவன் தரையைத் துடைத்துவிட்டு அடுத்த அரை டம்ளருக்கு அடுப்பைப் பற்றவைத்தான்.

பதினேழாம் நாள் பௌர்ணமி. மடத்தில் எழுநூறு பேருக்குச் சமையல். நாலு மணிக்கே வந்து கோட்டை அடுப்பை மூட்டிவிட்டான். துண்டைக் கட்டியிருந்தான். பத்தரை மணிக்குச் சாம்பார் அண்டா தளதளவென்று கொதித்தது. புகையும் வியர்வையும் கண்ணை மறைத்தன. நாளைக்கு எடை நாற்பது தாண்டுமா என்ற நினைப்பு ஒன்றுதான் மனசில். ஒரு கை துண்டைக் கீழே இறக்கியது. மற்ற கை கரண்டியால் சாம்பாரை மொண்டது. இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினான். கடைசியில், தொண்டைக்கிட்ட, லேசாகத்தான் தெரிந்தது. கை தானாக உப்பு மூட்டைக்குப் போய் ஒரு பிடி அள்ளி அண்டாவில் போட்டது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கரண்டி நழுவி விழுந்தது. பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இது அவன் சாமியிடம் அடகு வைத்த பொருள் ஆயிற்றே. பெண்டாட்டி உயிருக்காக இதைத்தானே எடுத்து வைத்தான்? நாளைக்கு எடை பார்க்கப் போகிற நேரத்தில், தானே வாய் வைத்துக் கெடுத்துவிட்டான். நேராக மேனேஜர் ராஜேந்திரனிடம் போனான்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சு. சாம்பார்ல வாய் வெச்சிட்டேன்."

ராஜேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? தசரதா, நீயா?"

"வீட்டுல பழகிட்ட பழக்கம்ங்க. கை தானா போயிடுச்சு."

"மணி பத்தே முக்கால். எழுநூறு பேரு சாம்பாரக் கொட்டவா முடியும்?"

"கொட்ட வேணாங்க. ஜனங்க சாப்புடட்டும். சாமிக்கு மட்டும் தனியா வெச்சிடறேன். கால் மணி குடுங்க. ஒரு டம்ளர் அரிசி, ஒரு கை பருப்பு."

"ஒரு டம்ளரா? அண்டாவுக்குக் கீழ உனக்கு ஆக்க வராதே!"

"இப்ப வருதுங்க."

துண்டை இறுக்கிக் கட்டி, சின்னக் குண்டானில் தனியாக வைத்தான். விரலால் கிள்ளி உப்புப் போட்டான், ருசி பார்க்கவில்லை. அன்றைக்குப் படையல் பத்து நிமிஷம் தாமதம். பந்தியில் உப்புத் தட்டு ஏந்திப் போகிற ஆள், எடுத்துப் போன உப்பை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். யாரும் கேட்கவில்லையாம். ராஜேந்திரன் அதைக் கவனித்தார். தசரதனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போனவன் சந்திரகலாவிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் வேலூரில் எடை மெஷின் முன்னால் நின்றார்கள். நல்ல வெயில் நாளில் சந்திரகலா ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் சால்வையும் போர்த்தியிருந்தாள். அன்புச்செல்வி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் எங்ககிட்டயேவா? கழட்டுங்கம்மா."

"குளுருதும்மா" என்றாள் சந்திரகலா.

"கழட்டுங்க."

சால்வை போனது. ஸ்வெட்டர் போனது. சந்திரகலா மெஷின்மேல் ஏறினாள். தசரதன் கண்ணை மூடிக்கொண்டான். உப்பு கிள்ளிய விரலெல்லாம் வேர்த்தது. நான் செய்த தப்புக்கு இவளைப் பிடிக்காதே, என்னைப் பிடித்துக்கொள் என்று வாய்க்குள் முணுமுணுத்தான்.

"நாப்பது முந்நூறு" என்றாள் அன்புச்செல்வி. "இரத்தமும் நல்லாருக்கு. உள்ள வாங்க, ஏத்திடலாம்."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆனது. தசரதன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தின நாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். துண்டு இறங்கியது, உள்ளங்கை, உப்பு, குண்டான் எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, அவள் என்ன சொல்வாளோ என்று தலையைக் குனிந்துகொண்டான்.

சந்திரகலா அவன் பக்கம் திரும்பினாள்.

"ருசி பாத்தியே. எப்படி இருந்துது?"

"இன்னாது?"

"சாம்பாருய்யா. எப்படி இருந்துது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தான். முடியவில்லை.

"உப்பு கம்மி."

"எவ்ளோ கம்மி?"

"ஒரு கை."

"இருபத்தெட்டு வருஷம்யா!" என்றாள் சந்திரகலா. சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். மருந்துக் குழாய் ஆடியது. "கைய ஆட்டாதீங்கம்மா" என்று அன்புச்செல்வி அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"நீ சிரிக்கற. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சாமி குத்தம் ஆயிடுச்சோன்னு..."

"இன்னா குத்தம்? இத்தினி வருஷம் உப்பில்லாமப் போட்டியே, அது குத்தமில்லியா? அவரும் என்ன மாதிரிதான். நீ ஆசையா செஞ்சு எடுத்தாந்து எதிர்ல நின்னுக்கினு மூஞ்சியே பாக்கற. நல்லாருக்குதுன்னு சொல்லாம வேற இன்னா சொல்லுவாரு, பாவம்."

தசரதனும் சிரித்தான். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை. மீசையில்லாத உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டான். அப்புறம் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தான். கிளம்பும் முன் வைத்த மல்லாட்டைக் கஞ்சி, ஆவி பறந்தது. மூடியில் ஊற்றி ஆற்றினான். இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான்.

"சரியா இருக்குது" என்றான்.

சந்திரகலா மரக்கரண்டியால் ஒரு வாய் எடுத்து, மெல்ல விழுங்கினாள்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியலய்யா. நீ சொன்னா சரிதான்" என்றாள். முழுதும் குடித்துவிட்டு மூடியை அவனிடம் நீட்டினாள்.